டுமீல் ஒலிக்காத இரத்தப் படலம்

தம்பி, பட்டர்வொர்த்திலிருந்து நீ அனுப்பிய கேள்வியை முதலில் எழுதிவிடுகிறேன். “அண்ணா, ‘தேர்ட்டீன்’ விளையாட்டின் மறு உருவாக்கம் ஸ்டீம் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அப்பா பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ‘இரத்தப் படலம்’ காமிக்ஸின் கதைதான் அது என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. ஆனால் 2020 விமர்சனங்களைப் படித்தால் எல்லாரும் அடித்துத் துவைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு மோசமா, இல்லை பழையதையே கட்டிக்கொண்டு அழுகிறவர்களின் புலம்பலா? வாங்கலாமா?”

வாங்கலாம், ஆனால் 2003இல் வந்த மூலத்தை முதலில் விளையாடிவிட்டு வாங்கு. விமர்சகர்கள் சொன்னது புலம்பல் அல்ல. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இன்று மாலை முழுக்க மழை, எனக்கும் வேறு வேலை இல்லை.

உன் அப்பாவின் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹாம் கதை எழுத, வில்லியம் வேன்ஸ் படம் வரைந்த தொடர் அது. 1984இல் முதல் ஆல்பம் வந்தது. கடற்கரையில் குண்டடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும் ஒருவன். நினைவு முழுக்க அழிந்திருக்கிறது. காறை எலும்பருகே ரோமானிய எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருக்கிறது. அமெரிக்க அதிபரைச் சுட்டுக் கொன்றவன் நீதான் என்று உலகமே அவனைத் துரத்துகிறது. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் இந்தக் கதையை எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து தமிழில் பாகம் பாகமாகத் தந்தது. 2010இல் பதினெட்டுப் பாகங்களையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டது. தலையணைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம். வண்ணப் பதிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கதையை வண்ணத்தில் படித்து வளர்ந்தார்கள். நாம் படித்தது கறுப்பு வெள்ளையில். பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே நான் முதன்முதலில் கையில் எடுத்த பிரதியின் தாள் பழுப்பேறி, ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. வண்ணம் என்று ஒன்றுமே இல்லை. வேன்ஸின் மைக்கோடு மட்டும் இருந்தது. முகத்தில் பாதியைக் கறுப்பு நிழலாக அப்படியே அடைத்துவிடுவார். மழையைச் சாய்ந்த கோடுகளாகப் போடுவார். துப்பாக்கி வெடித்தால் எழுத்துகள் கட்டத்தையே பிளந்துகொண்டு வெளியே வரும். எனக்கு அந்தக் கதை என்றால் அந்தக் கோடுதான். மறு உருவாக்கத்தின் முதல் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஏன் வயிற்றைப் பிசைந்தது என்பது இப்போது உனக்குப் புரியும்.

இனி 2003. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பாரிஸ் பிரிவு, அன்ரியல் என்ற மென்பொருள் இயந்திரத்தில் இந்தக் கதையின் முதல் ஐந்து ஆல்பங்களை முதல்நபர் துப்பாக்கி விளையாட்டாக மாற்றியது. அந்த நவம்பரில் அது கடைக்கு வந்தது. நாயகனுக்குக் குரல் நடிகர் டேவிட் டுகோவ்னி. கதையில் அவனுக்குத் துணை நிற்கும் ஜெனரல் காரிங்டனுக்குப் பழைய தொலைக்காட்சி பேட்மேன் ஆடம் வெஸ்ட். அவனுக்கு உதவும் பெண் ஜோன்ஸுக்குப் பாடகி ஈவ். பினாங்கு பிராங்கின் மாலில் அப்போதெல்லாம் ஒரு குறுந்தகடு ஐந்து ரிங்கிட். அது நேர்மையான வழியில் வந்த தகடு என்று சொன்னால் நீயே சிரிப்பாய். இந்த விளையாட்டு ஒரே தகட்டில் அடங்காது என்பதால் என் தீபாவளி அன்பளிப்புப் பணத்தில் பாதி அன்றே கரைந்தது.

விளையாட்டைத் திறந்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. திரை முழுக்க காமிக்ஸ் பக்கம். பிரைட்டன் கடற்கரையில் கண் விழிக்கிறாய். துரத்தி வருகிறவன் மேல் கத்தியை எறிகிறாய். சரியாகத் தலையில் பட்டால் திரையின் மேல் பகுதியில் மூன்று சிறு கட்டங்கள் அடுத்தடுத்துத் திறந்து, அந்தக் கத்தி போய்ப் பாய்வதை நெருக்கத்தில் காட்டுகின்றன. மேட்டிலிருந்து ஒருவன் விழுந்தால் அவன் அலறல் எழுத்துகளாக அவனோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. நாற்காலியைத் தூக்கி மண்டையில் போடலாம். சாம்பல் கிண்ணத்தையும் எறியலாம். காவலாளி ஒருவனைப் பிடித்துக் கேடயமாக முன்னே நிறுத்தி நடக்கலாம். வங்கியில் நடக்கும் ஆட்டக் கட்டத்தில் அங்குள்ள காவலர்களைச் சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது, ஏனென்றால் நீ கொலைகாரன் இல்லை. ஆகவே நாற்காலிதான் அங்கே உன் முக்கிய ஆயுதம்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. கதையில் சற்று நகர்ந்ததும் நாயகனுக்கு ஒரு கூர்ந்த செவித் திறன் வருகிறது. சுவருக்கு அப்பால் ஒருவன் நடந்தால் ‘டப், டப், டப்’ என்ற எழுத்துகள் அவன் காலடியில் தோன்றி மறைகின்றன. சுவரின் இந்தப் பக்கம் நிற்கும் உனக்கு அவை தெரிகின்றன. எதிரி எங்கே, எந்தப் பக்கம் போகிறான், எப்போது வாசலைக் கடப்பான் என்பதையெல்லாம் அந்த எழுத்துகளை வைத்துத்தான் கணிக்கிறாய். அதாவது, அங்கே காமிக்ஸ் எழுத்து அலங்காரம் இல்லை, ஆட்டத்தின் விதி. படம் வரைந்த விதமே எப்படி ஆட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தது.

இவ்வளவு புகழ்கிறேனே என்று அது குறையற்ற படைப்பு என்று எண்ணிவிடாதே. அப்போதைய விமர்சகர்கள் தோற்றத்தைக் கொண்டாடினார்கள், துப்பாக்கிச் சண்டை சாதாரணமானது என்றார்கள். ஒளிந்து போகும் கட்டங்கள் எரிச்சலூட்டுகின்றன என்றார்கள். ஒரு தவறு செய்தால் முதலிலிருந்து வா என்று அனுப்பிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மர்மம் அவிழும் என்று காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் ‘தொடரும்’ என்று போட்டுக் கதவைச் சாத்தினார்கள். தொடரவே இல்லை. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிடிக் தளத்தில் சராசரி எழுபதுகளின் முற்பகுதியில் நின்றது. விற்பனையும் சரியில்லை. அந்த இலையுதிர் காலத்தில் முதல் ‘கால் ஆஃப் டியூட்டி’, ‘மேக்ஸ் பெய்ன் 2’ எல்லாம் வந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டன. யூபிசாஃப்டே அதே மாதத்தில் ‘பியாண்ட் குட் அண்ட் ஈவில்’ விளையாட்டையும் இறக்கி, அதையும் கடை அலமாரியில் தூசி பிடிக்க விட்டது. இரண்டுமே பின்னாளில் ஒரு சிறு கூட்டத்தின் செல்லப் பிள்ளைகளாயின.

உன் கேள்வியின் நடுப்பகுதிக்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. மூலத்தைத் தெய்வமாக யாரும் கும்பிடவில்லை. அதன் குறைகள் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறைகளைத் திருத்தி, பலத்தைத் தொடாமல் விட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள். மறு உருவாக்கம் செய்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியமான மூலம் கிடைக்காது. ஒரு குறையுமில்லாத விளையாட்டைத் திரும்பச் செய்வதுதான் கஷ்டம்.

2019 ஏப்ரலில் மைக்ராய்ட்ஸ் என்ற பிரெஞ்சு வெளியீட்டாளர் மறு உருவாக்கத்தை அறிவித்தார்கள். ஆஸ்டெரிக்ஸ், பிளாக்சாட் என்று காமிக்ஸ் உரிமங்களை வாங்கி விளையாட்டாக்குவதில் பழக்கமுள்ளவர்கள். செய்து கொடுக்கும் வேலை மால்டாவைச் சேர்ந்த பிளேமேஜிக்கிடம் போனது. முதலில் சொன்ன நாள் 2019 நவம்பர் 13. பெயருக்குப் பொருத்தமான தேதிதான். அது தள்ளிப்போய், கடைசியில் 2020 நவம்பர் 10 அன்று வந்தது. மூலத்தைச் செய்த யூபிசாஃப்ட் தன் புதிய ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா’வை வெளியிட்டதும் அதே நாளில்தான்.

வந்த வாரத்திலேயே நிலைமை தெரிந்துவிட்டது. விமர்சகர்களின் சராசரி நூற்றுக்கு நாற்பதைக்கூட எட்டவில்லை. ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்கள் அவர்களைவிடக் கடுமையாக எழுதினார்கள். எதிரிகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்தில் கூட்டாளி விழுந்தாலும் அசையவில்லை. காட்சி திணறுகிறது. ஒலி வருகிறது, போகிறது. குறி வைத்தால் கை கனக்கிறது. இத்தகைய நிரல் வழுக்களைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. வழு இல்லாமல் வரும் விளையாட்டு குறைவு, வழுவைத் திருத்தவும் முடியும். இவை மட்டும்தான் குறை என்றால் மூன்று மாதத்தில் எல்லாரும் மறந்திருப்பார்கள்.

மறக்காததற்குக் காரணம் இதுதான். பழைய நடிகர்களின் குரல் பதிவை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆடம் வெஸ்ட் 2017இல் இறந்துவிட்டார், 2020இல் அவர் குரல் பேசுகிறது. ஆட்டக் கட்டங்களின் அமைப்பும் கதையும் ஏறக்குறைய அவையேதான். அதே அரிசி, அதே பானை, அதே அடுப்பு. சோறு மட்டும் குழைந்துவிட்டது. விமர்சகனுக்கு இதைவிட வசதியான ஒப்பீடு எங்கே கிடைக்கும்? பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார்கள். எது மாறியதோ அதுதான் கெட்டது.

மாறியது கோடு.

விளையாட்டுகளுக்கு உருவம் செய்வது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிக்கிறேன், பொறுத்துக்கொள். காமிக்ஸ் தோற்றத்தை முப்பரிமாணத்தில் கொண்டுவர இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, ஒளியை வெட்டுவது. இயல்பான ஒளியில் உருண்டையான ஒரு பொருளின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும். அதை இரண்டு மூன்று படிகளாக நறுக்கிவிட்டால் வெளிச்சம், நிழல் என்று இரண்டு பரப்புகள் மட்டும் நிற்கும், தூரிகையால் அடைத்ததுபோல. மற்றொன்று, விளிம்புக் கோடு. இதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. உருவத்தை இன்னொரு முறை நகலெடுத்து, ஒரு இழை அளவு பெருக்கி, உள்வெளியாகப் புரட்டி, கறுப்பு பூசி அதன் மேல் போர்த்திவிடுவார்கள். உருவத்தைச் சுற்றிக் கறுப்பு ஓரம் மட்டும் தெரியும். 2003இன் கருவிகளுக்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே பெரும்பகுதியை ஓவியர்கள் உருவத்தின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சரிலேயே கையால் போட்டார்கள். ஆடையின் மடிப்பு, கன்னத்தின் நிழல், மரத்தின் வெடிப்பு எல்லாம் கணினி கணக்கிட்டவை இல்லை, ஒரு கை முடிவெடுத்து வரைந்தவை. எதை வரையாமல் விட வேண்டும் என்றும் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

2020இல் என்ன செய்தார்கள்? யூனிட்டி இயந்திரத்துக்கு மாற்றி, இக்காலத்து ஒளியமைப்பைப் போட்டு, தோலுக்கும் துணிக்கும் இழையும் பளபளப்பும் கொடுத்து, அதன் மேல் லேசாகக் கார்ட்டூன் சாயம் அடித்தார்கள். ‘ஃபோர்ட்நைட்’ போல இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவு நியாயமாகப் படவில்லை, ‘ஃபோர்ட்நைட்’ தன் தோற்றத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்த விளையாட்டு. இது இரண்டு பக்கமும் சேராமல் நின்றது. முழுக் காமிக்ஸும் இல்லை, இயல்பான தோற்றமும் இல்லை. வேன்ஸ் கறுப்பாக அடைத்த இடங்களில் எல்லாம் மங்கலான சாம்பல் வந்து உட்கார்ந்தது. எழுத்துகளும் தலையடிக் கட்டங்களும் இருக்கத்தான் செய்தன. ஆனால் கோட்டுப் படத்தின் மேல் பாய்ந்து வரும் ‘டுமீல்’ வேறு, பிளாஸ்டிக் பொம்மையின் மேல் ஒட்டிய ‘டுமீல்’ வேறு. முதலாவது அந்த உலகத்தின் சத்தம். மற்றது கடைப் பையில் ஒட்டிய விலைச் சீட்டு. போதாக்குறைக்குத் துப்பாக்கியின் உண்மையான ஒலியும் சோனியாக இருந்தது என்று பலரும் குறைப்பட்டார்கள். கண்ணுக்கும் வெடிக்கவில்லை, காதுக்கும் வெடிக்கவில்லை.

இப்படிப்பட்ட முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பழைய விளையாட்டைப் புதுப்பிக்கும் வேலையில் சிறு பகுதி இங்கே கோலாலம்பூரில் எங்கள் மேசைக்கு வந்தது. பெயர் வேண்டாம். எனக்கு வந்தது ஒரு மரப்பெட்டி. பழைய படம் ஒன்றும், ‘இன்னும் நுணுக்கமாக’ என்ற ஒற்றை வரியும் கூட வந்தன. நான் மரத்தின் ரேகை போட்டேன், ஆணிக்குத் துருவும் மூலைக்கு அழுக்கும் ஏற்றினேன். அழகான பெட்டி, இன்றும் சொல்வேன். இரண்டு வாரம் கழித்துச் சோதித்துப் பார்த்தவர்களிடமிருந்து குறிப்பு வந்தது: உடைக்கக் கூடிய பெட்டி எது, உடையாத பெட்டி எது என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லையாம். பழைய விளையாட்டில் உடையும் பெட்டி மட்டும் ஒரே தட்டையான மஞ்சளில் இருந்திருக்கிறது. அந்த மஞ்சள் சோம்பலால் வந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அது ஒரு குறிப்பு என்று எங்கள் மேசையில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அங்கே யாராவது இருந்தார்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

இந்த வகைத் தவறுக்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு 2021 நவம்பரில் வந்தது. ‘ஜிடிஏ’ மூன்று விளையாட்டுகளின் புதுப்பிப்பு. அதில் டோனட் கடை ஒன்றின் மேல் பெரிய உருவம் நிற்கும். மூலத்தில் அது அறுகோண நட்டு, போல்ட்டில் முடுக்குவோமே அது. கடையின் பெயரில் உள்ள ‘நட்’ என்ற சொல்லை வைத்துச் செய்த சிலேடை. புதுப்பிப்பில் முனைகளை எல்லாம் மழமழவென்று உருட்டிவிட்டதில் நட்டு வெறும் வளையமாகிவிட்டது. சிலேடை செத்துப்போனது. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, எடுத்துவிட்டிருந்த பழைய பதிப்புகளைத் திரும்பக் கடையில் வைக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட கதையும் ஒன்று உண்டு. 2020 ஜனவரியில் வந்த ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ நினைவிருக்கிறதா? அதன் உருவங்களைச் செய்ததில் மலேசியாவின் லெமன் ஸ்கை ஸ்டுடியோவுக்குப் பெரிய பங்கு. வெளிவந்ததும் வசை மழை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அதை வெளியிட்ட பிளிசார்டு இறங்கி வந்தது. அப்போது சிலர் வெளியாள்களிடம் வேலை கொடுத்ததால்தான் கெட்டது என்று எழுதினார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. உருவங்கள் நன்றாகத்தான் இருந்தன. வாக்குக் கொடுத்த காட்சிகளைக் குறைத்ததும், பழைய பதிப்பிலிருந்த வசதிகளைப் பறித்ததும் இங்கே புச்சோங்கிலோ சுபாங்கிலோ உட்கார்ந்திருந்த ஓவியர்கள் இல்லை. நிதியைக் குறைத்தது மேலிடம்தான் என்று அடுத்த ஆண்டு புளூம்பெர்க் செய்தியாகவே வெளியிட்டது. ஆகவே ‘தேர்ட்டீன்’ விஷயத்திலும் மால்டாவில் இருந்த பிள்ளைகளைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு காலம், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்பதைத் தீர்மானித்தவர்கள் வேறு.

வெளிவந்த சில நாள்களிலேயே மைக்ராய்ட்ஸும் பிளேமேஜிக்கும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. விளையாட்டு தாங்கள் எண்ணிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டு, பெருந்தொற்றால் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்ததில் உருவாக்கமும் சோதனையும் பாதிக்கப்பட்டன என்றார்கள். இதை நான் பாதி ஏற்கிறேன். 2020 மார்ச் 18 அன்று நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இதே அறையிலிருந்து ராட்சதக் கோப்புகளை வீட்டு இணையத்தில் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருவதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியிருக்கிறேன். சோதனை ஆள்கள் ஓர் அறையில் இல்லாவிட்டால் வழு நழுவிப் போகும் என்பது உண்மை. ஆனால் முதல் தேதி 2019 நவம்பர் என்பதை மறந்துவிடாதே. அப்போது கோவிட் என்ற பெயரே உலகில் இல்லை. கோட்டை எடுத்துவிட்டுச் சாயம் பூசலாம் என்ற முடிவைக் கிருமி எடுக்கவில்லை.

எல்லா மறு உருவாக்கமும் இப்படித்தான் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1994இல் வந்த ‘சிஸ்டம் ஷாக்’ விளையாட்டை நைட்டைவ் நிறுவனம் 2023இல் புதிதாகத் தந்தது. ரசிகர்களிடம் 2016இல் பணம் திரட்டித் தொடங்கியது, ஏழு ஆண்டு இழுத்தது, நடுவில் ஒருமுறை நிறுத்தி வேறு திசையிலிருந்து தொடங்கினார்கள். திட்டாதவர்கள் இல்லை. ஆனால் வந்ததைப் பார். தூரத்திலிருந்து இக்காலத்து ஒளி, இக்காலத்துக் கூர்மை. சுவரருகே போய் உற்றுப் பார்த்தால் பழைய சதுரப் புள்ளிகள் வேண்டுமென்றே அப்படியே இருக்கின்றன. புள்ளிதான் அந்த விளையாட்டின் கையெழுத்து என்று யாரோ ஒருவர் புரிந்துவைத்திருந்தார்.

அடுத்து நீ கவனித்திருக்கும் விசித்திரம். ஸ்டீமில் மொத்தக் கருத்து மோசமாகவும் அண்மைக் கருத்து அதைவிட மேலாகவும் இருக்கிறதே ஏன்? மைக்ராய்ட்ஸ் பின்னர் வேலையை பிளேமேஜிக்கிடமிருந்து எடுத்து, பிரான்சின் டவர் ஃபைவ் என்ற சிறு நிறுவனத்திடம் கொடுத்தது. அவர்கள் தோற்றம், ஒலி, எதிரிகளின் அறிவு, திரைக் குறிப்புகள் என்று பெரும்பகுதியைத் திரும்பச் செய்தார்கள். 2022 செப்டம்பரில், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே அது வந்து சேர்ந்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பும் அப்போதுதான் வந்தது. கறுப்புக் கோடு திரும்பிவிட்டது. வேன்ஸின் கோடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோடு. நான் இரண்டு மாலை விளையாடிப் பார்த்தேன். கூசாமல் விளையாட முடிகிறது.

ஆனால் மெட்டாக்ரிடிக் மதிப்பெண் அசையவில்லை, அசையவும் செய்யாது. அங்கே சேர்வது வெளியான நாளில் எழுதிய விமர்சனங்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பப் போய் எழுதும் பத்திரிகைகள் மிகக் குறைவு. இது அநியாயம் என்று மைக்ராய்ட்ஸுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 நவம்பரில் முழு விலை கொடுத்தவன் வாங்கியது 2020 நவம்பர் விளையாட்டைத்தான். கல்யாணத்தன்று ஊசிப்போன சாம்பாரைப் பரிமாறிவிட்டு மறுவீட்டில் நல்ல சாம்பார் வைத்தால், வந்தவர்கள் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இனி நடைமுறை. 2003 மூலம் இணையக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. இன்றைய அகலத் திரையில் அது சரியாக உட்காராது. ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் அகலத்திரைத் திருத்தத்தை முதலில் போட்டுவிடு. ஒளிந்து போகும் கட்டங்களில் பல்லைக் கடித்துக்கொள், அவை இருபது ஆண்டுக்கு முன்பே எரிச்சல்தான். வங்கிக் கட்டம் வரை போ. அங்கே ஒரு நாற்காலியை எடுத்து ஒரு காவலாளியைச் சாய்த்துவிட்டு, அந்தச் சத்தம் திரையில் எப்படி விழுகிறது என்று பார். பிறகு மறு உருவாக்கத்தை வாங்கி அதே வங்கியில் அதே நாற்காலியை எடு. தள்ளுபடி விலை இருக்கும்போது மட்டும் வாங்கு, முழு விலை கொடுக்காதே. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி, வாங்கிய 14 நாளுக்குள் கேட்டால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். வங்கிக்குப் போய்ச் சேர அந்த இரண்டு மணி நேரம் தாராளம்.

கடைசியில் ‘தொடரும்’ என்று வந்ததும் எனக்குத் தொலைபேசியில் அழைத்துக் கத்தாதே. மீதிக் கதை உன் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. சாவியை அவர் தர மாட்டார் என்றால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது சொல், என்னிடம் உள்ள பிரதியைக் கொண்டுவருகிறேன். ஆறாம் பாகத்தில் இரண்டு தாள் இல்லை, எலி தின்றுவிட்டது.